ஃபோல்டருக்கு வெளியே நின்ற காவல்காரன்

பிப்ரவரி 3

என் அருமை மருமகள் சுண்டெலிக்கு,

மாமா நலம். நீயும் உன் அம்மாவும் நலமா? என் இடது முழங்கால் மட்டும் தனி நாடு கேட்டுப் போராடிக்கொண்டிருக்கிறது. மற்ற உறுப்புகள் இன்னும் என் ஆட்சிக்கு அடங்கியே நடக்கின்றன.

யாரும் நம்பாத கதை ஒன்றை உனக்குச் சொல்லப்போவதாக இந்தத் தாளின் மேல் கைவைத்து உறுதி கூறுகிறேன். நான் பதினோரு வருடம் ஆண்ட கம்பெனியிலேயே நீ சேர்ந்திருக்கிறாய், அதிலும் பில்ட் சர்வரைக் கட்டி மேய்க்கிற வேலை உனக்கு வந்திருக்கிறது என்று அக்கா எழுதியிருந்தாள். இருநூறு பேர் எழுதுகிற நிரல்களை வாங்கி, ஒட்டி, சோதித்து, பொட்டலம் கட்டிக் கொடுக்கிற இயந்திரம் அது. என் காலத்தில் அது ஒரு பில்டை முடித்தால் அந்த அதிர்வில் பக்கத்துத் தெரு ஜன்னல்கள் தாமாகத் திறந்துகொள்ளும். சந்தேகமென்றால் அந்தத் தெருக்காரர்களைக் கேள். அவர்கள் வீடு மாறிப் போய்விட்டார்கள், அதற்கு நான் பொறுப்பில்லை.

ஒரு நாள் காலை அந்த இருநூறு பேரையும் ஒரே ஒரு எண் வெளியே தள்ளிப் பூட்டியது. அந்த எண் பத்து. கதை அதுதான். நேரம் வரும்போது சொல்கிறேன்.

அதுவரை ஒரு கட்டளை. அங்கே யாரிடமும் நீ என் அக்கா மகள் என்று சொல்லாதே. என் பெயரைக் கேட்டால் மூன்று மாடியும் எழுந்து நிற்கும், அரைநாள் வேலை கெடும். போனும் செய்யாதே. போனில் நீ நடுவில் சிரித்துவிடுவாய், கதை கெட்டுவிடும். தபால்தான் கௌரவம்.

அக்காவுக்கு என் வணக்கம். வேளைக்குச் சாப்பிடு.

உன் மாமா

&nbsp;

பிப்ரவரி 20

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். உங்கள் முழங்காலுக்கு விடுதலை கிடைத்ததா? நீங்கள் அனுப்பிய காபிக் கோப்பை உடையாமல் வந்தது. ‘சுண்டெலி’ என்று இவ்வளவு பெரிதாகவா அச்சடிக்கச் சொல்வீர்கள்? ஆபீஸ் மேசையில் வைத்திருக்கிறேன். மூன்று மாடிக்கும் இப்போது என் பெயர் அதுதான்.

எனக்கு இரண்டாம் மாடியில் ஜன்னலில்லாத அறை. ஏசி என் தலைக்கு நேர்மேலே சொட்டுகிறது, சொட்டு விழும் இடத்தில் பெயின்ட் டப்பா வைத்திருக்கிறார்கள். டப்பா நிறையும் சத்தத்தில் மணி சொல்லப் பழகிவிட்டேன்.

முதல் வாரமே பழைய இயந்திரத்திலிருந்து எல்லாவற்றையும் புதியதற்கு நகலெடுத்தேன். விதிப்படி பழையதைச் சுத்தமாக அழித்தும் விட்டேன். நான் இன்னும் தற்காலிகம்தான் மாமா. ஜூலை கடைசியில் ஒரு சோதனை வைப்பார்கள். சர்வரை அணைத்து மறுபடி ஏற்ற வேண்டும். யாரும் கை வைக்காமல் அது தன் எல்லா அமைப்புகளோடும் தானாக எழ வேண்டும். எழுந்தால் வேலை நிரந்தரம். எழாவிட்டால் அம்மாவுக்குத் துணையாக வீட்டில் இருக்கலாம்.

இப்போதே அது என் பேச்சைக் கேட்பதில்லை. ஒரே நேரத்தில் நான்கு வேலை செய் என்று பிரவுசரில் மாற்றி வைக்கிறேன். ரீஸ்டார்ட் செய்தால் பழையபடி இரண்டு என்கிறது. ஏறும்போது அது படிக்கிற கட்டளைப் பட்டியல்கள், அதாவது ஸ்கிரிப்ட்கள், ஒரு ஃபோல்டரில் ஒன்றிலிருந்து ஒன்பது வரை இருக்கின்றன. பத்தாவதாக நான் ஒன்று எழுத வேண்டும். நீங்கள் மூன்று மாடியை ஆண்டவர், இந்தச் சில்லறை விஷயமெல்லாம் தெரியுமோ என்னவோ.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மா உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
சுண்டெலி

&nbsp;

மார்ச் 6

சில்லறை விஷயம் என்று எழுதிய சுண்டெலிக்கு,

நலம். உன் பெயின்ட் டப்பாவும் நலமாக நிறைகிறது என்று நம்புகிறேன்.

நீ பிரவுசரில் ஆயிரம் முறை மாற்று. அது மரியாதைக்குத் தலையாட்டும். தூங்கி எழுந்ததும் ஸ்கிரிப்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதன்படிதான் நடக்கும். மாற்றுவதை ஸ்கிரிப்டில் மாற்று.

இப்போது கதை. அங்கே ஒரு மேதை இருந்தான். பெயர் வேண்டாம், காகிதம் தாங்காது. அவன் தலை அவ்வளவு பெரியது, கதவுகளைப் பக்கவாட்டில்தான் கடப்பான். அவனிடம் ஒன்பது ஸ்கிரிப்ட்கள் இருந்தன. இரண்டாவது ஸ்கிரிப்ட் ஆட்களைக் கூடத்துக்குள் அழைத்து வரும். அவன் புதிதாகப் பத்தாவது ஒன்றை எழுதினான். கூடத்தில் இருப்பவர்களுக்கெல்லாம் சாவி கொடுத்துவிட்டுக் கதவைப் பூட்டுவது அதன் வேலை. அருமையான ஏற்பாடு.

ஆனால் அந்த இயந்திரத்துக்கு எண் தெரியாது அம்மா, எழுத்துதான் தெரியும். அகராதிக்காரன் மாதிரி முதல் எழுத்தைப் பார்த்து அடுக்கும். ‘10’ ஒன்றில் தொடங்குகிறது. ‘2’ இரண்டில் தொடங்குகிறது. ஆக, பத்து போய் இரண்டுக்கு முன்னால் நின்றது. காலி கூடத்தில் சாவிகளை யாருக்கும் கொடுக்காமல் கொடுத்து முடித்து, கதவைப் பூட்டிவிட்டு, அதன் பிறகு ஆட்களைக் கூப்பிட்டது. இருநூறு பேரும் வெளியே. மேதையும் வெளியே. கதவை உடைக்க யானை ஒன்றைக் கூட்டி வந்தார்கள். யானைக்கும் லாகின் இல்லை. வாடிக்கையாளர் ஒருவருக்கு அன்று போக வேண்டிய மென்பொருள் மூன்று நாள் கழித்துப் போயிற்று.

ஆகவே உன் ஸ்கிரிப்ட்களுக்கு 01, 02 என்று பூஜ்யம் போட்டுப் பெயர் வை. பத்து அதன் இடத்தில் நிற்கும்.

அக்காவுக்கு மூச்சிரைப்பு எப்படி இருக்கிறது? மாத்திரையை ஒளித்து வைக்கிறாளா?

உன் மாமா

&nbsp;

மார்ச் 28

அன்புள்ள மாமாவுக்கு,

அம்மாவுக்கு மூச்சிரைப்பு தேவலை. மாத்திரையை அரிசி டப்பாவில் கண்டுபிடித்தேன்.

பூஜ்யம் போட்டேன். எல்லாம் வரிசையாக நின்றன. ஒரு நாள் முழுக்க நிம்மதியாக இருந்தேன். மறுநாள் அது போயிற்று.

தணிக்கை அம்மா என்று எங்களுக்கு ஒருவர் இருக்கிறார். பாதுகாப்புப் பிரிவு, போன வருடம் வந்தவர். யாரிடம் எந்தச் சாவி இருக்கிறது என்று கணக்கெடுப்பதுதான் அவர் வேலை. சர்வரில் ‘காவல்காரன்’ என்று ஒரு அட்மின் கணக்கு இருக்கிறதாம். எல்லா அதிகாரமும் உள்ள கணக்கு. அந்தப் பெயரில் கம்பெனியில் யாருமில்லை. அவரே அழித்தார். நான் ரீஸ்டார்ட் செய்தேன், மறுபடி வந்து நிற்கிறது. மறுபடி அழித்தார். மறுபடி வந்தது. மூன்று தடவை.

“நீ பட்டனை அழுத்தி ரெண்டே நிமிஷத்துல வருதும்மா. யாரோ பக்கத்துல உட்கார்ந்து போடற மாதிரி இருக்கு.”

“நான் போடலை மேடம்.”

“நீன்னு நான் சொல்லலையே.”

சொல்லவில்லைதான். ஆனால் அன்றிலிருந்து என் பின்னால் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து நான் தட்டுவதை எல்லாம் குறித்துக்கொள்கிறார். ஃபோல்டரில் உள்ள பத்து ஸ்கிரிப்ட்களையும் வரிவரியாகப் படித்துவிட்டேன். காவல்காரன் எதிலும் இல்லை. சோறு இறங்கவில்லை. உங்கள் காலத்து ஆள் யாராவது செய்த வேலையா இது? அந்தப் பெருந்தலை மேதையா?

சீக்கிரம் பதில் போடுங்கள். முழங்காலுக்குத் தைலம் தடவுங்கள்.

சுண்டெலி

&nbsp;

ஏப்ரல் 25

அன்பு மருமகளே,

நலம். தாமதத்துக்கு மன்னிப்பாயாக. பேனாவில் மை உறைந்துவிட்டது. இந்த வெயிலில் எப்படி என்று கேட்காதே. மேலும் மூன்று நாட்டு அரசாங்கங்கள் ஒரே சமயத்தில் என்னிடம் ஆலோசனை கேட்டு வாசலில் நின்றன, செருப்பு விட இடமில்லை. முழங்காலும் எல்லை தாண்டி வலது பக்கம் பரவியிருக்கிறது.

நீ கேட்ட கணக்கு விஷயம் ஒன்றுமில்லாதது. இயந்திரங்களில் அப்படி அப்படி ஏதாவது முளைக்கும், மழைக்குக் காளான் மாதிரி. நீ சாப்பிடாமல் இருக்காதே. தணிக்கை அம்மாவுக்கு ஒரு டீ வாங்கிக் கொடு. அவர் மனிதர்தானே.

அந்த மேதையைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. பார்த்துப் பேசினால் நல்ல மாதிரி என்று சொல்வார்கள்.

அக்காவிடம் இதெல்லாம் சொல்லிக் கலவரப்படுத்தாதே.

உன் மாமா

பின்குறிப்பு: ஃபோல்டருக்குள்ளேயே தேடுகிறாயே. அதற்கு வெளியே, அதே மட்டத்தில், தனியாக ஒரு ஃபைல் கிடந்தால் அதையும் அந்த இயந்திரம் படிக்கும். ஃபோல்டருக்குள் நுழைவதற்கு முன்பே படிக்கும். எங்கோ கேள்விப்பட்டேன்.

&nbsp;

மே 7

மாமாவுக்கு,

சுகம். நீங்கள் சுகம் என்று நம்புகிறேன்.

இருந்தது. ஃபோல்டருக்கு வெளியே, தனியாக, பன்னிரண்டு வரி. ஏறும்போதெல்லாம் காவல்காரன் இருக்கிறானா என்று பார், இல்லையென்றால் உண்டாக்கு, எல்லாச் சாவியும் கொடு. அவ்வளவுதான்.

தணிக்கை அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். பாராட்டுவார் என்று நினைத்தேன். அவர் ஃபைலின் தேதியைப் பார்த்தார். நான் நகலெடுத்த வாரம், மாமா. நகலெடுத்தபோது எல்லா ஃபைலுக்கும் அந்தத் தேதிதான் விழுந்திருக்கிறது. பழைய இயந்திரத்தில் பார்க்கலாம் என்றால் அதை அழித்ததும் நான்தான்.

“ஒரு மாசமா யாருக்கும் கிடைக்காதது உனக்கு மட்டும் எப்படிம்மா கிடைச்சுது?”

“சொந்தக்காரர் ஒருத்தர் லெட்டர்ல எழுதினார்.”

“லெட்டர்லயா?”

அப்படியே எழுதிக்கொண்டார். ஜூன் 20 விசாரணை. கள்ளச் சாவி வைத்தேன் என்று முடிவானால் ஜூலைச் சோதனைக்கே இடமில்லை, அன்றே அனுப்பிவிடுவார்கள். இந்தத் தொழிலில் வேறு எங்கேயும் சேர்க்கவும் மாட்டார்கள்.

எங்கே கேள்விப்பட்டீர்கள்?

சுண்டெலி

&nbsp;

மே 30

மாமாவுக்கு,

மூன்று வாரமாகத் தபால்காரரைப் பார்க்கிறேன். அவர் என்னைக் கண்டால் இப்போது எதிர்ச்சாரியில் போகிறார்.

ஒரு வழி சொன்னார்கள். அந்த ஃபைலில் பாஸ்வேர்டு அப்படியே இல்லை, அரைத்துத் தூளாக்கி வைத்திருக்கிறது. தூளைப் பார்த்துச் சொல்லைக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் சரியான சொல்லை அரைத்தால் அதே தூள் வரும். எழுதியவர் யாரானாலும் அந்தச் சொல்லைச் சொன்னால் போதும், நான் தப்பித்துவிடுவேன்.

நீங்கள்தானா மாமா? ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தை எழுதுங்கள். அரசாங்கங்கள் வாசலில் காத்திருக்கட்டும்.

உடம்பு சரியில்லை என்றால் அதையாவது எழுதுங்கள்.

சுண்டெலி

&nbsp;

ஜூன் 8

அன்புள்ள சுண்டெலி,

உடம்பு நன்றாக இருக்கிறது.

ஆமாம். நான்தான். மேதை என்று யாருமில்லை. பத்தை இரண்டுக்கு முன்னால் நிறுத்தியது நான். மூன்று மாடியை ஆளவில்லை, நீ உட்காரும் அதே அறையில் உட்கார்ந்தேன். மறுபடி எல்லாரும் வெளியே மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகக் காவல்காரனை வைத்தேன்.

பாஸ்வேர்டைச் சொல்ல முடியாது. இத்தனை நாள் எழுதாமல் இருந்தது அதனால்தான். நீ அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாய். மறக்காத சொல்லாக இருக்கட்டும் என்று உன் செல்லப்பெயரை வைத்தேன். மேசைமேல் இருக்கும் கோப்பையைப் பார். அந்தச் சொல்லை நான் சொன்னால் அந்த அம்மா திரும்பி உன் கோப்பையைத்தான் பார்ப்பார். கோப்பையை வீட்டுக்கு எடுத்துப் போகாதே, இப்போது எடுத்தால் இன்னும் சந்தேகம் வரும்.

நான் வந்து சொன்னாலும் அக்கா மகளைக் காப்பாற்ற வந்தவன் என்பார்கள். அதனால் ஒன்று செய். பணியாளர் பிரிவில் என் பழைய பணிப்பதிவேட்டைத் திறக்கச் சொல். என் முழுப் பெயரைச் சொல், நீ யாருடைய மகள் என்பதையும் சொல். உள்ளே என் கையெழுத்தில் ஒரு மன்னிப்புக் கடிதம் இருக்கும். ஆறு வருடம் பழையது. ஒவ்வொரு முறை ஏறும்போதும் காவல்காரன் என்ற கணக்கு தானாக உண்டாகும்படி செய்திருக்கிறேன் என்று அதில் எழுதி, அப்போதைய மேலாளரிடமும் கையெழுத்து வாங்கியிருக்கிறேன்.

அதற்கு அடுத்த தாள் என்னை வேலையிலிருந்து நீக்கிய உத்தரவு. அதையும் படிப்பாய். படி.

அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று நீயே பார்த்துக்கொள்.

மாமா

&nbsp;

ஜூன் 25

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் முழங்கால்கள் இரண்டும் எப்படி?

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். குற்றச்சாட்டை விலக்கிக்கொண்டார்கள்.

உங்கள் பணிப்பதிவேட்டைத் தேட ஒரு வாரம் ஆயிற்று. விசாரணை மேசைக்கு அது வந்தபோது மணி பதினொன்று. தணிக்கை அம்மா உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். அதில் ஒரு யானைகூட இல்லை மாமா. ‘என் தவறு’ என்று மூன்று இடத்தில் இருக்கிறது. அடுத்த தாளை நானும் படித்தேன். அந்த அம்மா உடனே என்னைச் சர்வர் அறைக்குக் கூட்டிப்போய், “இப்ப உன் கையாலயே அழி. அழிச்சுட்டு ஏத்து, பார்ப்போம்” என்றார். பன்னிரண்டு வரியையும் அழித்து ரீஸ்டார்ட் செய்தேன். நான்கு பேர் பின்னால் நிற்கிறார்கள், டப்பாவில் சொட்டு விழுகிறது. சர்வர் எழுந்தது. ஒரே நேரத்தில் நான்கு வேலை, எல்லாருக்கும் சாவி, யாரும் தொடவில்லை. காவல்காரன் வரவில்லை. இதையே ஜூலைச் சோதனையாக எடுத்துக்கொள்ளலாம் என்று மேலாளர் சொல்லிவிட்டார். நிரந்தர உத்தரவு அடுத்த வாரம்.

வெளியே வந்ததும் அந்த அம்மா ஒன்று கேட்டார். “அவர் போகும்போது இதை எடுத்துட்டுப் போயிருக்கலாமே, ஏன் விட்டார்?” மறந்திருப்பார் மேடம் என்று சொன்னேன்.

அம்மாவிடம் சொல்வதற்கு இரண்டு நாள் ஒத்திகை பார்த்தேன். தண்ணீர், மாத்திரை எல்லாம் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

“மாமா வேலையைத் தானா விட்டு வரலைம்மா. அனுப்பிட்டாங்க.”

“தெரியுமே.”

“எப்படித் தெரியும்?”

“அந்த உத்தரவு நம்ம வீட்டு விலாசத்துக்குத்தாண்டி வந்துச்சு. அப்ப அவன் நம்மகூடத்தானே இருந்தான். பிரிச்சுப் பார்த்துட்டு, பழையபடி ஒட்டி அவன் மேசைல வெச்சுட்டேன்.”

“ஆறு வருஷமா ஏம்மா கேட்கவே இல்ல?”

“மூணு மாடின்னு சொல்றப்ப அவன் மூஞ்சியைப் பார்த்திருக்கியா நீ? போய் வேலையைப் பாரு.”

அவ்வளவுதான் சொன்னாள். கீரை ஆய உட்கார்ந்துவிட்டாள்.

நீங்கள் அங்கிருந்து கிளம்பிய நாளைப் பற்றி எங்களிடம் ஒன்றுமே சொன்னதில்லை. எப்படிக் கிளம்பினீர்கள்? தெரிந்துகொள்ள ஆசை.

அன்புடன்,
சுண்டெலி

&nbsp;

ஜூலை 9

நிரந்தர உத்தியோகஸ்தியாகிவிட்ட என் மருமகளுக்கு,

நலம். முழங்கால்கள் இரண்டும் போர் நிறுத்தம் அறிவித்திருக்கின்றன. அக்கா என் உறையைப் பிரித்துப் படித்தாள் என்பதற்காக அவள்மேல் வழக்குப் போடலாமா என்று பன்னிரண்டு வக்கீல்களிடம் கேட்டேன். அவளை எதிர்த்து வாதாட ஒருவருக்கும் துணிச்சலில்லை. ஆறு வருடமாக நான் அளந்ததை எல்லாம் தெரிந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். ‘அப்புறம்?’ என்று வேறு கேட்பாள். அதை நினைத்து இரண்டு நாளாக என்னால் வெளியே தலைகாட்ட முடியவில்லை.

நான் கிளம்பிய நாளின் வரலாறு கேட்டாய். எழுதிக்கொள். அன்று என்னை வழியனுப்ப இடம் போதாமல் மூன்று மாடி ஏழு மாடியாக வளர்ந்தது. மேலாளர் என் வலது காலைப் பிடித்துக்கொண்டார், முதலாளி இடது காலைப் பிடித்துக்கொண்டார், நான் எந்தக் காலை எடுத்து வைப்பது என்று தெரியாமல் ஒரு மணி நேரம் நின்றேன். முழங்கால் வலி அன்று தொடங்கியதுதான். லிஃப்ட் என்னைக் கீழே இறக்கமாட்டேன் என்று அழுதது. வாசலில் நின்ற கார்கள் எல்லாம் ஓட்டுபவர் இல்லாமலே ஹாரன் அடித்தன. அந்தச் சத்தத்தில் மேகம் கலைந்து, அந்த வருடம் மழையே இல்லை.

லிஃப்ட் அழுததனால் படிக்கட்டில் இறங்கினேன். பின்பக்கப் படிக்கட்டு. கையில் ஓர் அட்டைப்பெட்டி, அதில் ஒரு டம்ளரும் இரண்டு புத்தகமும் குடையும். யாரும் வரவில்லை. இரண்டாம் மாடி வளைவில் எலக்ட்ரீஷியன் ஒருவர் ஏணிமேல் நின்று டியூப்லைட் மாற்றிக்கொண்டிருந்தார். ஏணியை ஒதுக்கினால்தான் பெட்டி போகும். இறங்கி ஒதுக்கினார்.

“என்ன சார், பெட்டியோட? இனிமே வரமாட்டீங்களா?”

“வராம? இங்க அந்த மிஷின் எப்பெப்ப எழுந்திருக்குதோ அப்பல்லாம் முதல் ஆளா நான்தான் வருவேன்.”

“உங்க பேச்சே பேச்சு சார்” என்று சிரித்துவிட்டு மறுபடி ஏணியில் ஏறிக்கொண்டார்.

தணிக்கை அம்மாவிடம் மறந்திருப்பார் என்று சொன்னாயாம். உன் நல்ல மனசு. என் பெயரைச் சொல்லி அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேள். உன்னிடம் நானே கேட்கிறேன். அக்காவை மாத்திரை சாப்பிடச் சொல். நீயும் வேளைக்குச் சாப்பிடு.

ஏழு மாடி, லிஃப்ட், ஹாரன், மழை எல்லாம் உனக்கே தெரியும். ஏணிக்காரரிடம் சொன்ன அந்த ஒரு பேச்சு மட்டும் உண்மை. காவல்காரன் அங்கேயே இருப்பது தெரிந்துதான் சொன்னேன்.

மாமா